வீட்டில் செய்த வானூர்தியில்

எரிமலையின் குறுக்குவெட்டுப் படத்தை நான் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து வந்திருக்கிறேன். ஒரு கூம்பு, நடுவே ஒரு குழாய், உச்சியில் கிண்ணம் போல ஒரு வாய், அதிலிருந்து மத்தாப்புச் சிதறுவது போலத் தீக்குழம்பு. என்னிடம் படித்தவர்கள் பலரும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். ஆனால் எல்லா மலையும் உச்சி வழியாகவே வெடிப்பதில்லை. விலா வெடித்துப் பக்கவாட்டில் சீறிய மலையும் உண்டு. அதைச் சாக்கட்டியால் காட்டப் புகுந்தால், பாதி கடித்த கொழுக்கட்டை போல ஏதோ ஒன்று பலகையில் வந்து நிற்கும். வகுப்பு சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன்.

அந்த மலையின் பெயர் செயின்ட் ஹெலன்ஸ். அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தில் உள்ளது. 1980 மே 18 ஆம் நாள் காலை 8.32 மணிக்கு அது வெடித்தபோது நான் பள்ளி மாணவி. பின்னர் பி.எஸ்ஸி. புவியியல் படித்த நாளில், எங்கள் பேராசிரியர் ஏதோ ஓர் ஆங்கில ஏட்டிலிருந்து அதன் படத்தை வெட்டித் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருந்தார். மூன்றாண்டும் அந்தப் படத்தின் கீழேதான் எங்கள் தேர்வு அட்டவணை தொங்கியது. ஆகவே, மணமாகி அமெரிக்கா சென்ற என் மகள் ஒரிகன் மாநிலத்து ஹில்ஸ்பரோ நகரில் குடியேறினாள் என்றதும், குளிரையும் வாடகையையும் விசாரிப்பதற்கு முன்னால், "அங்கேயிருந்து செயின்ட் ஹெலன்ஸ் எவ்வளவு தூரம்?" என்றுதான் கேட்டேன். நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 மைல்.

2024 கோடை விடுமுறையில் அங்கே போனேன். போன பிறகுதான் தெரிந்தது. மலையின் பிளந்த வாயை நேர் எதிரே நின்று பார்க்கும் இடம் ஜான்ஸ்டன் முகடு. அதற்குச் செல்லும் நெடுஞ்சாலையை 2023 மே மாதம் ஒரு நிலச்சரிவு துண்டித்துவிட்டது. பாலம் ஒன்று அடித்துச் செல்லப்பட்டது. ஓராண்டு கழித்து நான் போனபோதும் சாலை மூடியே கிடந்தது. "அடுத்த தடவை வரும்போது பார்த்துக்கலாம் அத்தை" என்றார் மாப்பிள்ளை. ஓய்வு பெற ஓராண்டே உள்ளவளுக்கு, அதுவும் விமானச் சீட்டின் விலை தெரிந்தவளுக்கு, இது என்ன ஆறுதல்?

மகளின் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டில் ஒரு முதிய தம்பதியர் இருந்தனர். அவர் உயர்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தச்சும் உலோக வேலையும் கற்பித்தவர். மாலை நடையின்போது அறிமுகமாயினர். ஆசிரியர்கள் இருவர் எந்த நாட்டில் சந்தித்தாலும் முதலில் பேசுவது விடைத்தாள் திருத்துவதைப் பற்றித்தான். நாங்களும் அதையே பேசினோம். மலையைப் பார்க்க முடியாமற் போனதைச் சொன்னேன். "என் விமானத்தில் கூட்டிப்போகிறேனே" என்றார் அவர், சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்வது போல.

"விமானம் வாங்கியிருக்கிறீர்களா?"

"வாங்கவில்லை. செய்தேன்."

அழைத்துப் போய்க் காட்டினார். அவர் வீட்டில் இரண்டு கார் நிற்கக்கூடிய ஒரு ஷெட். அதில் கார் நின்று பதினைந்து ஆண்டுகள் ஆகின்றனவாம். சுவர் முழுதும் சுத்தியல், துளைக்கருவி, இடுக்கி. ஒவ்வொன்றும் மாட்டும் இடத்தில் அதன் வடிவம் பென்சிலால் வரையப்பட்டிருந்தது. இங்கேதான் ஆறு ஆண்டுகள், ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் மணி நேரம் உழைத்து அந்த விமானத்தைக் கட்டியிருக்கிறார். இப்போது அது ஊருக்கு வெளியே ஒரு புல்தரை ஓடுபாதையில் நிற்கிறது.

மாணவ நண்பர்கள் சிலர் ஐயுறக்கூடும். ஒருவர் தம் வீட்டில் விமானம் செய்வதாவது என்று. அமெரிக்காவில் இது ஒரு பெரிய இயக்கம். 1953 இல் பால் பொபெரெஸ்னி என்பவர் தம்மைப் போன்ற சிலரைச் சேர்த்து இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார். இன்று அச்சங்கம் ஆண்டுதோறும் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் நடத்தும் விழாவுக்கு உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கில் சிறு விமானங்கள் வந்து இறங்குகின்றன. முழுவதையும் தாமே வரைந்து தாமே வெட்டிச் செய்கிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் பாகங்களைத் தொகுப்பாக வாங்கிப் பொருத்துகிறார்கள். நம் முதியவர் வாங்கியது அதே ஒரிகன் மாநிலத்தில் அரோரா என்ற ஊரிலுள்ள வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. 9ஏ என்னும் மாதிரி. 1973 இல் ரிச்சர்ட் வான்குரன்ஸ்வென் என்ற பொறியாளர் தொடங்கிய நிறுவனம் அது. அதன் தொகுப்புகளைக் கொண்டு செய்யப்பட்ட விமானங்களில் இதுவரை 11,000-க்கு மேற்பட்டவை பறந்திருக்கின்றன.

ஆனால் இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது எண்ணிக்கை அன்று, ஒரு சட்டம். வீட்டில் செய்த விமானத்துக்குப் பறக்க அனுமதி வேண்டுமானால் வேலையில் பெரும்பகுதியை, அதாவது பாதிக்கு மேல், தனியாரே செய்திருக்க வேண்டும். அதை எதற்காகச் செய்திருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொல்கிறது. தம்முடைய கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் செய்திருக்க வேண்டும். கல்வி என்ற சொல்லை முதியவர் எனக்கு அச்சிட்ட தாளில் விரல் வைத்துக் காட்டினார். நான் அதை இரண்டு முறை படித்தேன். நமது நாட்டில் கல்விக்காகக் கட்டடம் கட்டலாம், வரி விலக்குப் பெறலாம், ஊர்வலம் போகலாம். கல்விக்காக ஒருவன் விமானம் செய்து அதில் ஏறிப் பறக்கலாம் என்று ஒரு நாட்டின் சட்டம் எழுதி வைத்திருப்பதை அன்றுதான் அறிந்தேன். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி தம் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஒரு விமானம் கட்டினார். 2016 இல் அது கண்காட்சியில் வைக்கப்பட்டது. பறந்து பார்க்க அனுமதி கிடைத்ததோ 2019 இல். கட்டுவதற்கு வேண்டிய பொறுமையைவிட அனுமதிக்கு வேண்டிய பொறுமை சிறிதன்று.

அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. விமானத்துக்குள் பயணியின் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். 'இது தொழில்முறை சாராதவர் கட்டியது; வழக்கமான விமானங்களுக்குரிய அரசுப் பாதுகாப்பு விதிகளுக்கு இது உட்பட்டதன்று' என்பது அதன் பொருள். வெளியேயும் 'பரிசோதனை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். இதைக் கேட்டதும் என் மகள் முகம் மாறிவிட்டது. "அம்மா, கவர்மெண்டே பாதுகாப்பு இல்லேன்னு எழுதி ஒட்டச் சொல்லுது. நீ அதுல ஏறணுமா?" என்றாள். ஊரில் இருக்கும் என் கணவரைத் தொலைபேசியில் துணைக்கு அழைத்தாள். "உங்க அம்மா நான் சொல்லி எதை நிறுத்தியிருக்கா?" என்று அவர் ஒதுங்கிக்கொண்டார்.

மகள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் செய்த விமானங்கள் தொழிற்சாலை விமானங்களைவிடக் கூடுதலாக விபத்துக்குள்ளாகின்றன என்று 2012 இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து வெளியிட்டது. அதை என்னிடம் சொன்னவரே முதியவர்தான். மறைக்கவில்லை. முதல் சில பறத்தல்களில்தான் ஆபத்து மிகுதி. அதனாலேயே, தொடக்கத்தில் இருபத்தைந்து அல்லது நாற்பது மணி நேரம், குறித்த எல்லைக்குள், பயணி எவரையும் ஏற்றாமல் பறந்து சோதிக்க வேண்டும் என்பது விதி. அவர் நாற்பது மணியையும் முடித்து, அதற்கு மேல் அறுநூறு மணி நேரம் பறந்திருந்தார். இவ்வளவு கேட்டும் எனக்குத் துணிவு வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

துணிவைத் தந்தவர் அவர் மனைவி. அலுமினியத் தகடுகளை இணைப்பவை ரிவெட்டு ஆணிகள். அந்த விமானத்தில் அவை ஆயிரக்கணக்கில் உள்ளன. ரிவெட்டு அடிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து காற்றுத் துப்பாக்கியால் ஆணியின் தலையில் அடிக்க, மற்றவர் உள்ளே கையை விட்டு ஆணியின் வாலுக்கு ஓர் எஃகுக் கட்டியை முட்டுக் கொடுக்க வேண்டும். இறக்கையின் உட்புறம் குறுகலானது. ஆண் கை நுழையாத இடங்கள் உண்டு. "உள்ளே இருந்த கை என்னுடையது" என்றார் அந்த அம்மையார். ஆறு ஆண்டுகள் சமையல் முடிந்ததும் ஷெட்டுக்குப் போய்க் கை விட்டிருக்கிறார். ஒவ்வொரு ஆணியின் வாலையும் விரலால் தடவிப் பார்த்து, சரி என்று அவர் சொன்ன பிறகே அடுத்தது. "அவர் அடித்ததில் சரியில்லாதவற்றை நான் பிடுங்க வைத்திருக்கிறேன். நான் சரி என்றவை மட்டும்தான் அதில் இருக்கின்றன" என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும் நாளில் முதற்கேள்வி, "உங்கள் எடை என்ன?" பெண்ணொருத்தியிடம் கேட்கக் கூடாத கேள்விகளில் இது ஒன்று. ஆனால் வெறும் விமானத்தின் எடையே ஏறத்தாழ 480 கிலோ. பழைய அம்பாசடர் காரின் எடையில் பாதிகூட இல்லை. அதில் யார் எங்கே உட்காருகிறார்கள், எவ்வளவு எரிபொருள் என்பதைக் கூட்டி, எடையின் மையம் உரிய எல்லைக்குள் விழுகிறதா என்று பார்த்தாக வேண்டும். உண்மையைச் சொன்னேன். அவர் அட்டையில் கணக்கிட்டார். எட்டாம் வகுப்பு நெம்புகோல் கணக்குதான். பிறகு இறக்கையின் அடியிலுள்ள சிறு குழாயிலிருந்து எரிபொருளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். தெளிந்த நீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியே நிற்குமாம். வேதியியல் துறைப் பெஞ்சில் நிற்பது போல இருந்தது. புடைவையோடு இறக்கை மேல் ஏற முடியாதென்று மகளின் கால்சட்டையை அணிந்திருந்தேன். மிதிக்கலாம் என்று குறித்த பட்டையில் மட்டும் கால் வைத்து ஏறி, கண்ணாடிக் கூரையின் கீழ் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எச்சரிக்கைப் பலகை என் முழங்காலுக்கு நேரே இருந்தது.

முதல் நாள் பயணம் நிறைவேறவில்லை. புல்தரையில் மாட்டு வண்டி போலக் குலுங்கி ஓடிய ஊர்தி சட்டென்று அமைதியாகி, தரை கீழே போனதும் எனக்கு அச்சம் போய்விட்டது. ஆனால் கொலம்பியா ஆற்றைத் தாண்டும்போது எதிரே வெண்மேகம் கம்பளம் விரித்திருந்தது. தொலைவில் மேகத்துக்கு மேலே மலையின் தலை மட்டும் தெரிந்தது. போகலாமே என்று எனக்கு இருந்தது. அவர் இடையிடையே இருந்த துளைகளைப் பார்த்தார். "மேலே போகலாம். கீழே இறங்கும்போது இந்தத் துளைகள் இருக்குமா என்பது தெரியாது" என்று சொல்லித் திரும்பிவிட்டார். எனக்கு ஊர் திரும்ப ஆறு நாட்களே இருந்தன. என் முகத்தைப் பார்த்து, "மலை எங்கே போய்விடப் போகிறது?" என்றார். "மற்ற மலைகளுக்கு அது பொருந்தும், இந்த மலை ஒரு தடவை போயிருக்கிறது" என்றேன். தலையில் மாட்டியிருந்த ஒலிக்கருவியில் அவர் சிரிப்பு காதை அடைத்தது. அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான் மகள் தானாகவே, "சரி, நாளைக்கும் போய்ப் பாரும்மா" என்றாள்.

நான்கு நாள் மேகம். ஐந்தாம் நாள் காலை துடைத்து வைத்தாற்போல வானம்.

160 குதிரைத்திறன் கொண்ட இஞ்சின் எங்களை மெல்ல ஏற்றியது. போர்ட்லண்டு விமான நிலையத்தின் வான்பரப்பை விலக்கி வடக்கே திரும்பினோம். வலப்புறம் ஹூட் மலை, எதிரே ஆடம்ஸ், அதற்கும் அப்பால் 14,410 அடி உயர ரெய்னியர். எல்லாம் எரிமலைகளே, எல்லாம் வெண்பனி போர்த்து ஒன்றையொன்று பார்த்து உட்கார்ந்திருந்தன. பாடநூலில் 'பசிபிக் நெருப்பு வளையம்' என்று ஒரு கோடு போட்டுக் காட்டுவோமே, அந்தக் கோட்டின் ஓர் அங்குலத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன். கீழே காடு. காட்டில் சதுரம் சதுரமாகத் தலை மழித்தது போன்ற வெற்றிடங்கள். மரக் கம்பெனிகள் ஒரே வீச்சில் வெட்டி எடுத்தவை. சாலையில் போகிறவர் கண்ணுக்கு மரச்சுவர் மட்டும் தெரியும். வெட்டு மேலிருந்துதான் தெரிகிறது.

லூயிஸ் ஆற்றின் நீர்த்தேக்கங்களைத் தாண்டியதும் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என்று எப்போதும் ஓர் இடத்தை மனத்தில் வைத்திருப்பாராம். அதுவரை வயல்கள் இருந்தன. இங்கே மரங்கள் மட்டுமே. அதனால் தேவைக்கு மேல் உயரம் ஏறினார், 10,500 அடி. "இப்போது எரிபொருள் தொட்டியை மாற்றப் போகிறேன். ஒன்றும் ஆகாது" என்று முன்கூட்டியே சொல்லி ஒரு திருகைத் திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை. என் வயிற்றில் மட்டும் ஏதோ ஆயிற்று. புறநானூற்றில் ஓட்டுபவன் இல்லாத வானவூர்தி பற்றிய குறிப்பு உண்டு என்பதைத் தமிழ்த்துறை நண்பர்கள் பெருமையோடு சொல்வார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஓட்டுபவரும் செய்தவரும் ஒருவராகவே பக்கத்தில் இருந்ததுதான் பெருமையாக இருந்தது.

மலையின் தெற்குப் பக்கம் முழுமையான கூம்பு. என் கரும்பலகைக் கூம்பேதான். சுற்றி வடக்கே போனதும் அவர், "இப்போது பாருங்கள்" என்று என் பக்கத்து இறக்கையைச் சாய்த்தார். இறக்கை கீழே இருப்பதால் சாய்த்தால்தான் தரை தெரியும். பாதி மலை இல்லை.

9,677 அடியாக இருந்தது 8,363 அடி ஆயிற்று என்று வகுப்பில் எண்ணாகச் சொல்லியிருக்கிறேன். அந்த 1,300 அடியும், அதற்குக் கீழே வடக்குச் சரிவு முழுவதும், ஒரு காலை நேரத்தில் காணாமற் போன வெற்றிடத்தின் எதிரே தொங்கிக்கொண்டிருப்பது வேறு. இரண்டு மாதமாக உள்ளே ஏறிய கற்குழம்பு அந்தச் சரிவை நாளொன்றுக்கு ஐந்தடிக்கு மேல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மே 18 காலையில் ஒரு நிலநடுக்கம். வீங்கிய பக்கம் அப்படியே வழுக்கி இறங்கியது. வரலாற்றில் பதிவான நிலச்சரிவுகளில் மிகப் பெரியது அது. மூடி கழன்ற சோடா போல உள்ளிருந்த வாயு பக்கவாட்டில் சீறி, முன்னே போன நிலச்சரிவையே முந்தியது. இறந்தவர் 57 பேர். எதிர்முகட்டில் காவலிருந்த டேவிட் ஜான்ஸ்டன் என்னும் முப்பது வயது எரிமலை அறிஞரின் உடல் கிடைக்கவே இல்லை. மூடிய சாலை போய்ச் சேரும் முகட்டுக்கு அவர் பெயர்தான். முந்தின நாள் வரை அந்த இடத்தில் இருந்தவர் ஹாரி கிளிக்கன் என்ற ஆய்வு மாணவர். பின்னாளில் இந்த நிலச்சரிவைப் பற்றியே ஆராய்ந்து பெயர் பெற்ற அவரும், 1991 இல் ஜப்பானின் உன்சென் எரிமலையில் மாண்டார்.

பிளந்த வாய்க்குள் 1980 முதல் 1986 வரையிலும், பின்பு 2004 முதல் 2008 வரையிலும் எழுந்த பாறைக் குவடுகள் கறுத்து நின்றன. அவற்றைச் சுற்றிக் குதிரை லாடம் போலப் பனியாறு. நான் பள்ளியில் படித்த காலத்தில் இல்லாத பனியாறு. வெடிப்புக்குப் பிறகு அந்த நிழலில் பிறந்து வளர்ந்தது. என்னைவிட வயதில் இளைய ஒரு பனியாற்றைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. கவ்லிட்ஸ் பழங்குடியினர் இம்மலையைப் புகைவிடுவது என்ற பொருளில் லாவெட்லாட்லா என்று அழைக்கிறார்கள். செயின்ட் ஹெலன்ஸ் என்பது 1792 இல் மாலுமி வான்கூவர் ஓர் ஆங்கிலத் தூதரின் பட்டத்தை எடுத்து வைத்த பெயர். எந்தப் பெயர் மலையை அறிந்து வைத்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வடகிழக்கே ஸ்பிரிட் ஏரி. அதன் ஒரு கரையில் வைக்கோல் ஒதுங்கியது போல ஏதோ மிதந்தது. என்னவென்று கேட்டேன். மரங்கள் என்றார். வெடிப்பில் வேரோடு சாய்ந்து ஏரியில் விழுந்த முழு மரங்கள். நாற்பத்து நான்கு ஆண்டுகளாக, காற்று அடிக்கும் பக்கமெல்லாம் அவை ஏரிக்குள் போய் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு வைக்கோல் துரும்பு ஒரு மரம் என்று கண் ஒப்புக்கொள்ளச் சிறிது நேரம் பிடித்தது. அதன் பிறகே அந்தப் பள்ளத்தாக்கின் அளவு எனக்கு விளங்கியது.

நோட்டை எடுத்து வரைந்தேன். அவர் மூன்று முறை வட்டமடித்தார். இஞ்சின் அதிர்வில் கோடுகள் எல்லாம் நடுங்கியிருக்கின்றன. ஆனால் கொழுக்கட்டை இல்லை. இந்தக் கல்வியாண்டில் இரண்டாமாண்டு வகுப்புக்கு நான் பலகையில் வரையவில்லை. ஏரிக் களிமண் கொண்டுவரச் சொல்லி ஆளுக்கொரு மலை செய்யச் சொன்னேன். பெஞ்சு அழுக்கானதைப் பற்றிச் சிலருக்கு வருத்தம்.

திரும்பும் வழியில், நீர்த்தேக்கங்களுக்கு மேலே, "பிடித்துப் பாருங்கள்" என்று என் முன்னாலிருந்த கைப்பிடியைக் காட்டினார். இரண்டு விரலால் தொட்டேன். நினைத்ததற்கு முன்பே ஊர்தி சாய்ந்தது. "தள்ள வேண்டாம், நினைத்தால் போதும்" என்றார். ஐந்து நிமிடம் நான் ஓட்டினேன் என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். என் கணவர் நம்புவதில்லை.

புல்தரையில் அந்த அம்மையாரும் என் மகளும் காத்திருந்தனர். இறங்கியதும் அவர் குறிப்பேட்டில் ஒரு மணி இருபது நிமிடம் என்று எழுதினார். அம்மையார் என்னிடம் ஒரு ஈரத்துணியைக் கொடுத்தார்; இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிய பூச்சிகளைக் காயுமுன் துடைக்க வேண்டுமாம். துடைத்துக்கொண்டே போனபோது, அச்சடித்தது போன்ற ரிவெட்டு வரிசையில் ஒன்றன் பக்கத்தில் மட்டும் தகடு சிறிது நசுங்கி இருந்தது. விரலை வைத்து, "இது?" என்றேன்.

"அது அவர் பக்கம்" என்றார் அம்மையார். "என் பக்கம் உள்ளே இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது."